கண்ணில் மினுமினுப்பு, கையில் நடுக்கம்

மகனின் கண்ணைப் பற்றி நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது, அம்மா. உங்கள் மகனுக்குப் பார்வை பறிபோகப் போவதில்லை. 16 வயதில் கண்புரை அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டுமோ என்று இரவெல்லாம் விழித்திருக்கவும் வேண்டாம். கண்ணாடி மாற்றப் போன இடத்தில் 'இரு கண்களிலும் லென்ஸின் முன் உறையில் பல வண்ண மினுமினுப்பு, சூரியகாந்தி வடிவம்' என்று எழுதிக் கொடுத்தார்களே, அதில் லென்ஸ் என்பது கண்ணுக்குள்ளேயே இருக்கும் வில்லை. அந்த மினுமினுப்பு பொதுவாகப் பார்வையைக் கெடுப்பதில்லை. சிகிச்சை எடுத்தால் பெரும்பாலும் மங்கிவிடும்.

மழை ஈரச் சாலையில் சிந்திய பெட்ரோல் நிறம் நிறமாக மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். லென்ஸ் உறையில் மெல்லியதாக ஏதாவது படிந்தால் மருத்துவர் கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லேம்ப் கருவியின் வெளிச்சத்தில் அதுவும் மின்னலாம். கண்ணுக்குள் நாள்பட்ட அழற்சி இருந்தவர்களுக்கு லென்ஸின் பின் உறைப் பக்கம் மின்னலாம். செம்புத் துணுக்கு தெறித்து உள்ளே தங்கினால் அடிபட்ட கண்ணில் மட்டும் தெரியும். இரண்டு கண்ணிலும் நடுவே ஒரு வட்டு, சுற்றி இதழ்கள் என்றால் உடம்பிலேயே செம்பு தேங்குகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

என்னைத் தூக்கிவாரிப் போட்டது உங்கள் கடிதத்தின் கடைசி வரி. "செல்போனையே பிடித்துக்கொண்டிருப்பதால் கை நடுங்குகிறது, கையெழுத்தும் கிறுக்கலாகிவிட்டது." செல்போனால் கையெழுத்து இப்படிக் கெடாது, அம்மா. போன வருடம் மஞ்சள் காமாலை வந்து கீழாநெல்லியில் 'சரியானது' என்கிறீர்கள். கண், கல்லீரல், கை மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் வில்சன் நோயாக இருக்கலாம்.

சாப்பாட்டில் வரும் செம்பில் மிஞ்சியதைக் கல்லீரல் பித்தத்தோடு வெளியேற்றும். இந்த நோயில் ஒரு மரபணுக் கோளாறால் அது நடப்பதில்லை. செம்பு கல்லீரலில் தேங்கி, பிறகு மூளைக்கும் கண்ணுக்கும் போகிறது. 1912-ல் நரம்பியல் மருத்துவர் கின்னியர் வில்சன் இதை விவரித்தபோது மருந்தே கிடையாது. 1956-ல் ஜான் வால்ஷ் என்ற மருத்துவர் பெனிசிலமைன் என்ற மருந்தைக் கொண்டுவந்தார். இன்று வேளையோடு பிடித்தால் படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாம் நடக்கும். ஆனால் மருந்து ஆயுளுக்கும் வேண்டும்.

இந்த வாரமே மூளை நரம்பியல் மருத்துவரையும் கல்லீரல் மருத்துவரையும் பாருங்கள். ரத்தத்தில் செம்பைச் சுமக்கும் புரதமான செருலோபிளாஸ்மின், 24 மணி நேரச் சிறுநீரில் செம்பு, கல்லீரல் பரிசோதனைகள் எடுப்பார்கள். கருவிழி ஓரத்தில் பழுப்புப் பொன்னிற வளையம் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். இதற்கிடையில் மறுபடி காமாலை, வயிறு வீக்கம், ரத்த வாந்தி, குழப்பமான பேச்சு வந்தால் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இணையத்தில் படித்துவிட்டு நீங்களே வாங்கிக் கொடுக்கும் துத்தநாக மாத்திரை விஷயத்தில்தான் எனக்குக் கோபம். அது இந்த நோய்க்கு மருந்துதான். எப்போது, எவ்வளவு என்று சொல்ல வேண்டியது மருந்துக் கடைக்காரர் அல்ல. சோதனைக்கு முன் கொடுத்தால் முடிவையும் குழப்பலாம். கொடுத்ததை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். கீழாநெல்லியும் போதும். செம்புக் குடத்தைப் பரணில் ஏற்றியது சரி, அது அங்கேயே இருக்கட்டும். ஆனால் நோய் குடத்திலிருந்து வரவில்லை.

மகளுக்கு ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மகனுக்கு உறுதியானால் அவளுக்கும் இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. ஆரோக்கியமாகத் தெரிந்தாலும் சோதித்தே ஆக வேண்டும்.

போகும்போது மகனின் போன வருட நோட்டு ஒன்றும் இந்த வருட நோட்டு ஒன்றும் கையோடு எடுத்துப் போங்கள்.