சமஷ்டி கேட்டவர் எப்படிப் பிரிவினைவாதி ஆனார்?

கேள்வி: ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். தமிழ்நாட்டில் அண்ணா திராவிட நாடு கேட்டார். 1963இல் தடைச் சட்டம் வந்ததும் அதைக் கைவிட்டார். நாலே வருடத்தில் ஆட்சியைப் பிடித்தார். எங்கள் தலைவர்களோ இலங்கைப் பாராளுமன்றத்தில் எழுபது வருடமாகச் சமஷ்டி, சமஷ்டி (அதாவது கூட்டாட்சி) என்று பேசிப் பிரிவினைவாதி என்ற பெயரைத்தான் சம்பாதித்தார்கள். அண்ணாவின் சாமர்த்தியம் இவர்களுக்கு ஏன் வரவில்லை? இனியாவது அந்தச் சொல்லை விட்டுவிட்டால் என்ன?
(மாணவர் ஒருவர், உப்புவெளி)

பதில்: தம்பி, உங்கள் கேள்வியில் வரிசை மாறிவிட்டது. அதைச் சரிசெய்தாலே பாதிப் பதில் கிடைத்துவிடும். அண்ணா பிரிவினையில் தொடங்கி மாநில உரிமைக்கு இறங்கி வந்தவர். எங்கள் தமிழரசுக் கட்சியின் தலைவர் செல்வநாயகம் சமஷ்டியில் தொடங்கி, 27 வருடம் கதவைத் தட்டி, கடைசியில் பிரிவினைக்குத் தள்ளப்பட்டவர். ஒருவர் படி இறங்கினார், மற்றவர் படி ஏறினார். ஏன் என்றுதான் கேட்க வேண்டும்.

1962இல் காஞ்சிபுரத்தில் சட்டமன்றத் தேர்தலில் தோற்ற அண்ணா, மாநிலங்களவைக்குப் போனார். மே மாதம் ஆற்றிய முதல் உரையிலேயே, தான் திராவிட இனத்தைச் சேர்ந்தவன் என்று சொல்லிச் சுயநிர்ணய உரிமை கேட்டார். டெல்லியில் நின்றுகொண்டு அப்படிப் பேசியவரைக் குறுக்கிட்டார்கள். ஆனாலும் பேச விட்டார்கள். சீனப் போர் வந்தது. அடுத்த ஜனவரியில், தேர்தலில் நிற்பவர்கள் நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டும் என்ற பதினாறாவது திருத்தம் அவைக்கு வந்தபோது எதிர்த்துப் பேசினார். பிறகு கட்சி கோரிக்கையை விட்டது. விட்டபோது அவர் கையில் என்ன மிஞ்சியது என்று பாருங்கள். 1956இல் மொழிவழியாக எல்லை வகுத்த ஒரு மாநிலம் இருந்தது. அதற்குச் சட்டமன்றம், பொலிஸ், பள்ளிக்கூடம், வரி எல்லாம் இருந்தன. சட்டமன்றத்தில் அவர் கட்சிக்கு 50 பேர் இருந்தார்கள். பெரிய கோரிக்கையை இறக்கி வைத்துவிட்டு ஒதுங்கி நிற்க ஒரு திண்ணை இருந்தது. அண்ணாவின் சாமர்த்தியத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தத் திண்ணையை மறந்துவிட்டு அவரையும் எங்களவர்களையும் ஒப்பிடுவது நியாயமில்லை.

இனி எங்கள் பக்கம் வருவோம். தமிழரசுக் கட்சி 1949 டிசம்பரில் தொடங்கியது. அதன் முதல் மாநாடு 1951இல் எங்கள் ஊரான திருகோணமலையில்தான் நடந்தது. 1956 ஆகஸ்டில் மறுபடியும் இங்கேதான் கூடினார்கள். பல திசைகளிலிருந்தும் கால்நடையாக வந்தார்கள். எங்கள் வீட்டு முற்றத்தில் அம்மம்மா மண்பானையில் மோர் கரைத்து வைத்ததையும், காலெல்லாம் கொப்புளத்தோடு வந்தவர்கள் குடித்துவிட்டு மறுபடி எழும்பி நடந்ததையும் அப்பா பல தடவை சொல்லியிருக்கிறார். அந்த மாநாடு கேட்டவை நான்கு: சமஷ்டி அரசியலமைப்பு, தமிழுக்குச் சம அந்தஸ்து, மலையகத் தமிழருக்குக் குடியுரிமை, தமிழ்ப் பகுதிகளில் அரசு நடத்திய சிங்களக் குடியேற்றத்துக்கு நிறுத்தம். இதில் எது நாட்டைத் துண்டாடுவது? ஒரு வருட அவகாசமும் கொடுத்தார்கள். அது முடிவதற்குள் 1957 ஜூலையில் பிரதமர் பண்டாரநாயக்கவும் செல்வநாயகமும் செய்த பண்டா–செல்வா ஒப்பந்தம் வந்தது. 1958 ஏப்ரலில் கிழிந்தது.

சமஷ்டி தமிழர் கண்டுபிடித்த சொல்லும் இல்லை. 1926இல் இலங்கைக்குச் சமஷ்டிதான் பொருத்தம் என்று எழுதியவர் அதே எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க. அடுத்த வருடம் அரசியல் சீர்திருத்தம் பற்றி ஆராய வந்த பிரித்தானிய டொனமூர் ஆணைக்குழுவிடம் அதையே கேட்டவர்கள் கண்டிச் சிங்களவர்கள். அவர்களைப் பிரிவினைவாதிகள் என்று யாரும் சொல்லவில்லை.

சமஷ்டி பெரிய விஷயம், அதனால் பயந்தார்கள் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அப்படியானால் ஒரு சின்ன விஷயத்தைப் பார்ப்போம். கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் இன்றும் கோட்டை வாசலால் நுழைந்து, மான்கள் மேயும் புல்வெளியையும் இராணுவ முகாமையும் கடந்துதான் மேலே ஏறுகிறோம். 1965இல் டட்லி சேனநாயக்கவின் அரசில் தமிழரசுக் கட்சியின் சார்பில் மு. திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சரானார். கோயிலைச் சுற்றிய இடத்தைப் புனித பிரதேசமாக்கலாமா என்று ஆராய ஒரு குழு போட்டார். பிக்கு ஒருவர் எதிர்த்ததும் பிரதமர் அந்தக் குழுவையே நிறுத்திவிட்டார். 1968இல் திருச்செல்வம் பதவியை விட்டார், கட்சியும் அரசிலிருந்து வெளியேறியது. கேட்டது மாநிலம்கூட இல்லை, ஒரு கோயில் வளவு. அதுவும் குழு அளவிலேயே நின்றது.

அப்புறம் 1972 அரசியலமைப்பு. அதற்காகக் கூடிய அரசியல் நிர்ணய சபையில் வைத்த சமஷ்டிப் பிரேரணை 1971இல் தோற்றது. ஒற்றையாட்சி அரசியலமைப்பில் எழுதப்பட்டது. செல்வநாயகம் தன் காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்து, மக்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேர்தல் வைத்துப் பாருங்கள் என்றார். இடைத்தேர்தலை வைக்க அரசுக்கு இரண்டு வருடத்துக்கு மேல் எடுத்தது. 1975 பெப்ரவரியில் அவர் பெருவாரியாக வென்றார். மறு வருடம் தனித் தமிழீழம் கேட்ட வட்டுக்கோட்டைத் தீர்மானம். இந்த வரிசையை வாசித்த பிறகும் "பேசிப் பேசிப் பெயர் வாங்கினார்கள்" என்று உங்களால் சொல்ல முடியுமா?

பேசியவரை என்ன செய்தார்கள் என்பதும் பாராளுமன்றப் பேச்சுகளின் பதிவேடான ஹன்சாட்டில் இருக்கிறது. 1981 ஜூனில் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. அதற்குப் பொறுப்புச் சொல்ல வேண்டிய அரசின் உறுப்பினர்கள், அடுத்த மாதம் எதிர்க்கட்சித் தலைவர் அமிர்தலிங்கம் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். அரசை எதிர்க்கட்சி விசாரிப்பதுதான் முறை. அங்கே கேள்வி கேட்டவரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். அவருக்கு என்ன தண்டனை கொடுக்கலாம் என்றும் பேசினார்கள். 1983 ஆகஸ்ட் 8ஆம் திகதி, ஜூலைக் கலவரத்தின் சாம்பல் ஆறும் முன்னரே, பிரிவினை கேட்பதைத் தடை செய்யும் ஆறாவது திருத்தம் வந்தது. சத்தியம் செய்ய வேண்டும் என்பதில் இந்தியச் சட்டம் போலத்தான். ஆனால் சத்தியம் செய்தால் ஒதுங்கி நிற்க மாகாண சபைகூட அன்றைக்கு இல்லை. எங்கள் ஊர் சம்பந்தன் ஐயா உட்படத் தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தார்கள். அவர் மறுபடி அவைக்குள் போனது 2001இல்.

சொல்லை விட்டால் என்ன என்கிறீர்கள். அதையும் செய்து பார்த்தாயிற்று. 2008இல் தமிழரசுக் கட்சி தன் யாப்பில் "சமஷ்டி" இருந்த இடத்தில் "இணைப்பாட்சி" என்று போட்டது. அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டு, இது பிரிவினைக்கான மறைமொழி என்று 2014இல் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 2017 ஆகஸ்ட் 4ஆம் திகதி தீர்ப்பு வந்தது: ஒரே நாட்டுக்குள் சமஷ்டி கேட்பது பிரிவினை ஆகாது. எழுபது வருடப் பேச்சு வீணில்லை என்று நான் நம்புவதற்கு இந்தத் தீர்ப்பு ஒரு காரணம். என்ன கேட்டோம், எந்த எல்லைக்குள் கேட்டோம் என்பதைப் பதிவில் வைத்திருந்ததால்தான் அதை எடுத்துக் காட்ட முடிந்தது.

ஆனால் எங்களவர்கள் மீது எனக்கும் கோபம் உண்டு. அது வேறு இடத்தில். அந்தத் தீர்ப்பு வந்த அடுத்த மாதமே கிழக்கு மாகாண சபையின் காலம் முடிந்தது. அன்றைக்குப் பாராளுமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவர் ஆசனத்தில் இருந்தவரே எங்கள் ஊர்ச் சம்பந்தன் ஐயா. 2018 ஆகஸ்டில் மாகாண சபை எல்லை நிர்ணய அறிக்கை வாக்கெடுப்புக்கு வந்தது. எதிராக 139 வாக்குகள், ஆதரவாக ஒன்றுகூட இல்லை. அதோடு தேர்தல் அந்தரத்தில் நின்றது. சபையின் காலம் முடிந்த நாள் முதல் இந்த ஊரிலிருக்கும் மாகாண சபையை நடத்துவது, எங்களுடைய ஒரு வாக்கும் பெறாமல் ஜனாதிபதி நியமிக்கிற ஆளுநர். எங்கள் பாடசாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் றோட்டுக்கும் போகிற மாகாணக் காசைப் பற்றிக் கேள்வி கேட்க, தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர் ஒருவரும் இல்லை.

சமஷ்டியைப் பற்றி முழங்குகிறவர் இதைப் பற்றியும் ஒவ்வொரு அமர்விலும் முழங்க வேண்டும். அடுத்த முறை உங்கள் வீட்டுப் படலையில் வந்து வாக்குக் கேட்கிறவரிடம், மாகாண சபைத் தேர்தல் எப்போது என்று அவையில் எத்தனை தடவை கேட்டீர்கள் என்று கேளுங்கள். திகதியோடு சொல்லச் சொல்லுங்கள். ஹன்சாட்டில் சரிபார்த்து எழுதி அனுப்புங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன்.