ஆரஞ்சு மரத்தில் படரும் மரப்பாசியைச் சுரண்ட வேண்டுமா?

கேள்வி: தாண்டிக்குடி பக்கம் காப்பியும் கமலா ஆரஞ்சும் வைத்திருக்கிறேன். ஆரஞ்சு மரங்களின் அடிமரத்திலும் கிளைகளிலும் சாம்பல் நிற மரப்பாசி அடர்ந்திருக்கிறது. சில மரங்களில் அது கருமையாக இருக்கிறது. மழை பெய்தால் ஊறி வழவழப்பாகிவிடுகிறது. அந்த மரங்கள்தாம் நுனியிலிருந்து காய்ந்து வருகின்றன. பாசியைச் சுரண்டிவிட்டுத் தாமிர மருந்து அடிக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா ஐயா?

பதில்: வேண்டாம். உங்கள் மரங்களைக் காய வைப்பது மரப்பாசி இல்லை. அதற்கு மரத்துக்குள் இறங்கிச் சாறு உறிஞ்சும் வேர் கிடையாது. மேல்பட்டையைப் பற்றிக்கொள்ளச் சில இழைகள் இருக்கின்றன, அவ்வளவுதான். ஒரு பூஞ்சையும், வெயிலைக் கொண்டு உணவு தயாரிக்கும் ஒரு நுண்ணுயிரும் சேர்ந்து வாழும் உடல் அது. மசாலாவில் போடும் கல்பாசியும் இந்த இனம்தான்.

கல்பாசியில் பூஞ்சைக்குத் துணையாக இருப்பது பச்சைப் பாசி. பெரும்பாலான மரப்பாசிகளில் அப்படித்தான். ஏறத்தாழ பத்தில் ஒன்றில்தான் அந்த இடத்தில் நீலப்பச்சைப் பாசி, அதாவது சயனோபாக்டீரியா, இருக்கிறது. நனைந்ததும் கருத்துக் கூழ்போல ஊறுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், உங்கள் காய்கிற மரங்களில் இருப்பது பெரும்பாலும் அந்த வகைதான். அதில் குடியிருப்பது நாஸ்டாக் என்னும் நீலப்பச்சைப் பாசி. நெல் வயலில் நட்ட பத்தாம் நாள் ஹெக்டேருக்கு 10 கிலோ தூவுகிறோமே, அந்த நீலப்பச்சைப் பாசி உரத்திலும் நாஸ்டாக் உண்டு.

நாஸ்டாக்கின் செல்கள் மணிச்சரம்போலக் கோத்திருக்கும். இடையிடையே தடித்த சுவருள்ள செல் ஒன்று வரும். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும் என்பதால், அந்தச் சுவருக்குள்தான் இந்த வேலை நடக்கிறது. பிடித்த நைட்ரஜனில் பெரும்பங்கு பூஞ்சைக்குப் போகிறது. மழையில் கரைந்து வழிவதும், மரப்பாசி உதிர்ந்து மட்குவதும் உங்கள் மண்ணுக்கு வந்து சேரும். ஒரு தோட்டத்தில் அது சிறிய வரவுதான், தொழுவுரத்தைக் குறைத்துவிடாதீர்கள். ஆனாலும் கேட்காமல் கிடைப்பதைக் கூலி கொடுத்துச் சுரண்டி எறிவானேன்? தாமிரமும் கந்தகப் புகையும் மரப்பாசிக்கு ஆகாது. அது செழித்திருக்கிறது என்றால் உங்கள் மலைக்காற்று இன்னும் சுத்தமாக இருக்கிறது என்று பொருள். எனக்கு அது மகிழ்ச்சி தரும் செய்தி.

காய்கிற மரத்தில் மட்டும் அது ஏன் அடர்கிறது? இலை உதிர்ந்தால் பட்டைமேல் வெயில் விழுகிறது. மரம் பருக்காமல் நின்றுபோனால் பட்டையும் உரியாமல் அப்படியே இருக்கிறது. இரண்டும் மரப்பாசிக்கு வசதி. மரம் முதலில் நலிந்தது. பாசி பிறகு பெருகியது.

ஆகவே நீங்கள் பார்க்க வேண்டிய இடம் வேர். தூரைச் சுற்றி மண்ணை மெல்ல விலக்கிச் சல்லிவேரை விரலால் உருவிப் பாருங்கள். மேல்தோல் கழன்று வந்து உள்ளே நார் மட்டும் நின்றால் அது பைட்டோப்தோரா என்னும் நுண்ணுயிரால் வரும் வேரழுகல். நீர் தேங்காமல் வடிகால் எடுத்து, மட்கிய தொழுவுரத்தில் டிரைக்கோடெர்மா என்னும் நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து இடுங்கள். அடிமரத்தில் பிசின் வடிந்தால் அந்த இடத்தை மட்டும் செதுக்கி, மயில்துத்தம் (தாமிர உப்பு) 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர் கணக்கில் போர்டோ பசை தயாரித்துப் பூசுங்கள். தாமிரத்துக்கு வேலை அங்கேதான்.

இலையையும் பாருங்கள். நடுநரம்பின் இருபுறமும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் மஞ்சள் திட்டுகள் இருந்து, காய் சிறுத்துக் கோணலாக இருந்தால் பச்சையாதல் நோய் என்று சந்தேகிக்க வேண்டும். அதற்கு மருந்து இல்லை. இலை மாதிரியை ஆய்வகத்தில் கொடுத்து உறுதி செய்யுங்கள். நோய் உறுதியானால் அந்த மரத்தை அகற்றிவிட்டு, மற்ற மரங்களின் கொழுந்தில் இந்த நோயைப் பரப்பும் சில்லிட் பூச்சி ஏறாமல் கவனியுங்கள். புதிதாக நடும்போது நோயற்ற தாய்மரத்திலிருந்து ஒட்டுக்கட்டிய கன்றுகளையே வாங்குங்கள்.