மனித குலத்துக்குப் பயன்படும் கருவிகளைச் செய்ய வேண்டும் என்ற ஆர்வம், வேலைக்குப் போன பிறகும் நிலைக்குமா?

கேள்வி கேட்டவர் மின்னணுவியல் இறுதியாண்டு மாணவர். பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை உறுதியாகிவிட்டது. ஆனால் அப்துல் கலாமின் உரைகளைக் கேட்டு வளர்ந்தவர் என்பதால், மக்களின் துன்பத்தைக் குறைக்கும் கருவிகளை உருவாக்க வேண்டும் என்ற ஆசை விடவில்லை என்கிறார். வேலைக்குப் போன இரண்டே ஆண்டில் அதெல்லாம் கரைந்துவிடும் என்று சீனியர்கள் சொல்வது உண்மைதானா என்று கேட்டிருக்கிறார்.

கரைந்தே தீர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பெங்களூரின் பீனியா தொழிற்பேட்டையில் மருத்துவக் கருவிகள் தயாரிக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் வடிவமைப்புப் பொறியாளராக இருக்கிறேன். ஆர்வம் வற்றிப்போனவர்களையும் பார்த்திருக்கிறேன். தலை நரைத்த பிறகும் புதிதாகச் சேர்ந்த பையனைப் போல வேலைக்கு வருபவர்களையும் பார்த்திருக்கிறேன். தாங்கள் செய்த பொருள் தொழிற்சாலை வாசலைத் தாண்டிய பிறகு அதற்கு என்ன ஆகிறது, அது எங்கே பழுதாகிறது, யார் அதைக் கழற்றிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதில் இந்த இரண்டாம் வகையினருக்குத் தீராத ஆவல் இருக்கிறது. உலகத்தைக் காப்பாற்றப் போகிறேன் என்று வந்தவர்களில் பலர், முதல் பழுது அறிக்கை மேசைக்கு வந்ததுமே சோர்ந்துவிடுகிறார்கள்.

கலாமை நீங்கள் குறிப்பிட்டதால் அவர் பல மேடைகளில் சொன்ன காலிப்பர் நிகழ்ச்சியையே எடுத்துக்கொள்வோம். அக்னி ஏவுகணைக்காக உருவாக்கப்பட்ட எடை குறைந்த கலவைப் பொருளைக் கொண்டு, நடக்க இயலாத குழந்தைகளுக்குக் காலிப்பர் என்னும் கால் ஊன்றுசட்டம் செய்தார்கள் என்று கல்லூரி விழாக்களில் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். கலாம் சொன்ன வடிவத்தில் முதலில் வருபவரோ ஹைதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் எலும்பு அறுவை மருத்துவர் ஒருவர். கலாமின் ஆய்வகத்துக்கு வந்த அவர் அந்தப் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்து, அதன் லேசான எடையில் வியந்து, கலாமைத் தம் மருத்துவமனைக்கே அழைத்துச் சென்றார். அங்கே 3 கிலோவுக்கு மேல் எடையுள்ள உலோகக் காலிப்பர்களை மாட்டிக்கொண்டு கால்களை இழுத்து நடந்த பிள்ளைகளைக் காட்டினார். 300 கிராம் எடையில் காலிப்பர் உருவானது அதற்குப் பிறகுதான். ஏவுகணைத் தொழில்நுட்பத்தை விட, அழைத்ததும் எழுந்து போய்ப் பார்த்த அந்தக் குணமே இதில் பெரிது என்று நான் நினைக்கிறேன்.

என்னைக் கேட்டால், இந்தத் துறைக்கு வரும் ஒவ்வொருவரும் முதலில் படிக்க வேண்டியது நம் ஊர் அடிபம்பின் வரலாறு. 1960களின் பிற்பகுதியில் வறட்சி தாக்கியபோது, கடும்பாறையைத் துளைக்கும் இயந்திரங்களை யுனிசெஃப் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. ஆழ்துளைக் கிணறுகள் வேகமாகப் பெருகின. அவற்றின் மேல் பொருத்தப்பட்ட வார்ப்பிரும்புப் பம்புகளோ, மேலை நாடுகளில் ஒரு பண்ணை வீட்டுக் குடும்பம் நாளுக்குச் சில தடவை அடிப்பதற்காக உருவானவற்றின் நகல்கள். இங்கே ஓர் ஊரே விடிந்தது முதல் இருட்டும் வரை அதை அடித்தது. 1970களின் நடுவில் கணக்கெடுத்துப் பார்த்தபோது பெரும்பாலான பம்புகள் வேலை செய்யவில்லை. தண்ணீர் இருந்தது, கிணறும் இருந்தது, மேலே இருந்த இரும்புதான் உடைந்து கிடந்தது. அப்போது மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரில் உருவாகியிருந்த எஃகுப் பம்பு ஒன்று மற்றவற்றை விட அதிகம் உழைப்பதைக் கவனித்தார்கள். அதை அடிப்படையாக வைத்து, சென்னையிலிருந்த இயந்திரவியல் ஆய்வு அமைப்பும் ரிச்சர்ட்சன் அண்ட் குரூடாஸ் நிறுவனமும் யுனிசெஃப்பும் சேர்ந்து ‘இந்தியா மார்க் 2’ பம்பை உருவாக்கின. கோயம்புத்தூர் வட்டாரத்தில் அது சோதிக்கப்பட்டது. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று காப்புரிமை எடுக்காமலே விட்டதால், லட்சக்கணக்கில் பரவி ஆப்பிரிக்கா வரை போனது.

பலரும் இந்த வரலாற்றை இத்துடன் நிறுத்திவிடுவார்கள். எனக்குச் சுவையான பகுதி இதன் பிறகுதான் வருகிறது. மார்க் 2 பம்பில், கிணற்றின் ஆழத்தில் இருக்கும் உருளைக்குள் பிஸ்டனோடு சேர்ந்து தோல் வாஷர் ஒன்று மேலும் கீழும் போய்வரும். அது தேய்ந்தால் தண்ணீர் ஏறாது. அதை மாற்ற வேண்டுமானால் நிலத்துக்குள் இறங்கியிருக்கும் குழாய் வரிசை முழுவதையும் மேலே இழுக்க வேண்டும். அதற்கு வண்டியும் கனமான கருவிகளும் பயிற்சி பெற்ற ஆட்களும் வந்தாக வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் ஒரு வாஷருக்காக ஊர் முழுக்கக் காத்திருந்தது. 1980களில் மறுபடியும் கோயம்புத்தூர் வட்டாரத்திலேயே, ஓடிக்கொண்டிருந்த பம்புகளைத் தொடர்ந்து கவனித்து எந்தப் பாகம் எப்போது போகிறது என்று பதிவு செய்தார்கள். அதன் பயனாகத் தோல் வாஷருக்குப் பதில் நைட்ரைல் ரப்பர் வாஷர் வந்தது. உருளையின் மேல்வாயைத் திறந்தபடி அமைத்து, குழாயைத் தொடாமல் பிஸ்டனை மட்டும் மேலே எடுக்கும்படி மார்க் 3 பம்பு வந்தது. இப்போது சாதாரணக் கருவிகளோடு உள்ளூர் மெக்கானிக்கே வாஷரை மாற்றிவிடலாம். மார்க் 2 பம்பை வடிவமைத்தவர்களுக்கு என் மரியாதை உண்டு. ஆனாலும் வெயிலில் நின்று வாஷர் தேய்வதைக் குறித்துக்கொண்டவர்களையே எனக்கு அதிகம் பிடிக்கும். அவர்களின் பெயர்கள் எந்தப் பாடப்புத்தகத்திலும் வராது.

என் வேலையிலும் இதே கதைதான். கொரோனா இரண்டாம் அலையின்போது, 2021இல், ஆக்சிஜன் செறிவூட்டிகள் நன்கொடையாக ஏராளமாக வந்து இறங்கின. அந்தக் கருவியின் தத்துவம் எளிது, அழகும்கூட. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன். கம்ப்ரசர் காற்றை அழுத்தி, சியோலைட் என்னும் நுண்துளை மணிகள் நிரம்பிய இரண்டு உருளைகளுக்குள் மாறி மாறிச் செலுத்தும். அழுத்தத்தில் சியோலைட் நைட்ரஜனைப் பற்றிக்கொள்ளும். 90 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் உள்ள காற்று நோயாளிக்குப் போகும். அழுத்தத்தை விடுவித்தால், பற்றிய நைட்ரஜன் வெளியேறி மணிகள் அடுத்த சுற்றுக்குத் தயாராகிவிடும். சிலிண்டர் மாற்ற வேண்டியதில்லை. மின்சாரம் இருந்தால் போதும். இதற்கு எதிரிகள் ஈரம், தூசு, வெப்பம் ஆகிய மூன்றும்தான். நம் ஊரில் இவை மூன்றுக்கும் பஞ்சமே கிடையாது.

அலை ஓய்ந்த பிறகு, ஓசூர் சாலையை ஒட்டிய ஒரு சிறிய மருத்துவமனையில் செயல்படாமல் கிடந்த செறிவூட்டி ஒன்றைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். கருவியின் முதுகைச் சுவரோடு ஒட்டி வைத்து, மேலே பூப்போட்ட துணி ஒன்றைப் போர்த்தியிருந்தார்கள். பொறுப்பிலிருந்த நர்ஸ் தர்மபுரிக்காரர். தமிழில் பேச ஆள் கிடைத்ததில் அவருக்கு மகிழ்ச்சி. “தூசி போயிடக் கூடாதுன்னுதான் சார் மூடி வெச்சோம். ஓட விட்டா கொஞ்ச நேரத்துல அலாரம் அடிக்கும், அப்படியே ஆஃப் பண்ணிடுவோம்” என்றார். காற்று உள்ளே போகும் வழியும் சூடு வெளியேறும் வழியும் பின்பக்கத்தில் இருந்தன. வடிகட்டிப் பஞ்சு, சாம்பல் நிறக் கம்பளித் துண்டைப் போல இறுகியிருந்தது. அதைக் குழாயடியில் அலசி, நன்றாகக் காயவைத்து மாட்டி, கருவியைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்து ஓட விட்டோம். அலாரம் அடிக்கவில்லை. அந்த நர்ஸ் செய்ததில் ஒரு குற்றமும் இல்லை; விலையுயர்ந்த பொருளைத் தன் வீட்டில் எப்படிக் காப்பாரோ அப்படித்தான் காத்தார். அவர் எப்படி நடந்துகொள்வார் என்று தெரிந்துகொள்ளாமல் அந்தக் கருவியை வடிவமைத்திருந்தார்கள்.

பிறகு எங்கள் நிறுவனம் அதே வகைக் கருவி ஒன்றைச் செய்தபோது, வடிகட்டியை முன்பக்கம் கண்ணில் படும்படி, விரலால் இழுத்தாலே கையோடு வரும்படி வைத்தோம். மேல்மூடியைச் சரிவாக அமைத்தோம். துணி போட்டால் நழுவி விழுந்துவிடும். (டீ கிளாஸும் நிற்காது, அது கொசுறு.) கம்ப்ரசரைத் தாங்கும் சட்டத்தின் வரைபடத்தோடு, பக்கத்துத் தெருவில் லேத்துப் பட்டறை வைத்திருக்கும் ஆம்பூர்க்காரப் பெரியவரிடம் போனேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “எல்லாம் சரி தம்பி, இத எவன் கழட்டுவான்? மூணு சைஸ் ஸ்க்ரூ போட்டிருக்கீங்க, ஆஸ்பத்திரி எலக்ட்ரீஷியன் கையில ஒரு ஸ்க்ரூ டிரைவர்தான் இருக்கும்” என்றார். எல்லாவற்றையும் ஒரே அளவு திருகாக மாற்றினோம். எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத இந்தப் பாடம் பீனியாவின் பட்டறைகளில் இலவசமாகக் கிடைக்கிறது, கேட்கும் பொறுமை இருந்தால்.

மனித குலம் என்று பெரிதாகச் சொல்லும்போது, அதில் யார் யார் இருக்கிறார்கள் என்பதையும் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரின் அடிப்படைத் தத்துவத்தை 1970களின் முற்பகுதியில் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி கண்டறிந்தார். அது காப்பாற்றிய உயிர்களுக்குக் கணக்கே இல்லை. சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் விரலைக் கடக்கும்போது எவ்வளவு உறிஞ்சப்படுகின்றன என்ற விகிதத்தை வைத்து, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அது கணக்கிடுகிறது. தோலின் நிறமியும் ஒளியை உறிஞ்சும் அல்லவா? 2020இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், கருவி கவனிக்கத் தவறிய ஆக்சிஜன் குறைவு, வெள்ளையர்களை விடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ 3 மடங்கு அதிகமாக இருந்தது. சரிபார்க்கும் கட்டத்தில் கருந்தோல் விரல்கள் போதுமான அளவு இடம்பெறாததை முக்கியக் காரணங்களில் ஒன்றாகச் சொல்கிறார்கள். நம் தோல் நிறம் என்ன என்று உங்களுக்குத் தெரியும்.

பெங்களூரிலேயே இந்தச் சிந்தனைக்கு ஒரு மரபு இருக்கிறது. இந்திய அறிவியல் கழகத்தில் மின்வேதியியல் பேராசிரியராக இருந்த அமுல்யா ரெட்டி, 1974இல் கிராமப்புறங்களுக்கு அறிவியலைக் கொண்டுசெல்லும் ‘அஸ்திரா’ என்ற மையத்தை அங்கே தொடங்கினார். துமகூரு மாவட்டத்தின் புரா என்ற சிற்றூரில், சாண எரிவாயுவை வீடுகளுக்குச் சமையலுக்குக் கொடுப்பதே அவர்களின் முதல் திட்டம். ஊரில் கிடைத்த சாணம் எல்லா அடுப்புக்கும் போதவில்லை. திட்டம் தோற்றது என்று மூட்டை கட்டாமல், 1987 முதல் அதே எரிவாயுவில் மின்சாரம் எடுத்து, வீதிக்குக் குடிநீரும் வீட்டுக்கு விளக்கும் கொடுத்தார்கள். சாணம் கொண்டுவந்தவர்களுக்குக் காசு கொடுத்தார்கள். கழிவை எருவாகத் திருப்பித் தந்தார்கள். அதே கழகத்துப் பேராசிரியர்கள் சிலர் உருவாக்கிய சிம்ப்யூட்டரை எண்ணும்போது மட்டும் கொஞ்சம் வருத்தமாக இருக்கும். 9,000 ரூபாய் விலையை இலக்காக வைத்து, எழுத்தறியாதவரும் இந்திய மொழிகளில் பயன்படுத்தக்கூடிய கைக்கணினியாக எண்ணப்பட்ட அது, சந்தைக்கு வருவதற்குள் செல்போன் எல்லார் கைக்கும் வரத் தொடங்கிவிட்டது. நோக்கத்தில் குறையே இல்லாதவர்களுக்கும் இப்படி நேரலாம்.

இனி உங்கள் நிலைமைக்கு வருகிறேன். சம்பளம் குறைவுதான், சிறிய மருத்துவக் கருவி நிறுவனங்கள் மென்பொருள் நிறுவனங்களுக்கு ஈடாகக் கொடுப்பதில்லை, அதை மறைப்பதில் பயன் இல்லை. காகித வேலையும் அதிகம். 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவி விதிகள், ஆபத்தின் அளவைப் பொறுத்துக் கருவிகளை ஏ முதல் டி வரை நான்கு வகுப்புகளாகப் பிரிக்கின்றன; பெரும்பாலானவற்றுக்கு உரிமம், சோதனை, ஆவணம் என்று வரிசையாக வேண்டும். பலரின் ஆர்வம் இங்கேதான் செத்துப்போகிறது. எனக்கோ, கருவியைப் பயன்படுத்தும்போது என்னென்ன தவறு நேரலாம் என்று சொல்லும் ஆபத்துப் பட்டியலை எழுதுவது பிடிக்கும், ஏனென்றால் அந்தத் துணியும் சுவரும் ஸ்க்ரூ டிரைவரும் முறைப்படி இடம்பெறும் ஒரே ஆவணம் அதுதான்.

வீட்டில் கடன் இருந்தால் மென்பொருள் வேலையில் தயங்காமல் சேருங்கள். இப்போதைய மருத்துவக் கருவிகளில் பாதி வேலை மென்பொருள்தான், கற்றது வீண்போகாது. அதற்கிடையே ஒரு மருத்துவமனையில் கருவிகளைப் பராமரிக்கும் பயோமெடிக்கல் பிரிவில் யாரையாவது பழக்கம் பிடித்து, பழுதான கருவிகளைப் போட்டு வைத்திருக்கும் அறையைப் பாருங்கள். வளரும் நாடுகள் பலவற்றின் மருத்துவமனைக் கணக்குகளைத் தொகுத்து 2011இல் வெளியான ஓர் ஆய்வு, அங்குள்ள கருவிகளில் ஏறத்தாழ 40 சதவீதம் இயங்கவில்லை என்றது. நம் ஊர் அறைகளும் காலியாக இருப்பதில்லை. அனுமதி கிடைத்தால் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். வேண்டிய உதிரிபாகங்கள் பெரும்பாலும் பெங்களூர் எஸ்.பி. ரோட்டின் மின்னணுக் கடைகளிலேயே கிடைத்துவிடும். விலை பேசத் தமிழும் போதும்.

கருவி நிறுவனம் ஒன்றில் நேர்காணலுக்குப் போகும் நாள் வந்தால், சம்பளப் பேச்சுக்கு முன்னால், கடந்த ஆண்டு வந்த புகார்களை வடிவமைப்புப் பொறியாளர்கள் படிக்கிறார்களா என்று கேளுங்கள். “அதையெல்லாம் சர்வீஸ் டீம் பார்த்துக்கொள்ளும்” என்று பதில் வந்தால், அங்கே சேருவதற்கு முன் நன்றாக யோசியுங்கள்.