பட்டாசு லேபிளிலிருந்து ஓர் அறைக்குள்

கேள்வி: சார், எனக்கு வயது 34. சிவகாசியில் 13 வருடமாக டிசைனர். பட்டாசு லேபிள், தினசரி காலண்டர், கல்யாணப் பத்திரிகை எல்லாம் செய்கிறேன். நான் வேலை செய்துகொடுக்கும் ஓர் அச்சக முதலாளி, தன் தாத்தா வாங்கிய, காலால் மிதித்து அச்சடிக்கும் டிரெடில் மெஷினை வைத்து ஒரு ‘எக்ஸ்பீரியன்ஸ் சென்டர்’ அமைக்கணும், உள்ளே வருகிறவர்கள் அந்தக் காலத்துக்கே போன மாதிரி இருக்கணும், நீயே செய்யேன் என்கிறார். ஒரு பெரிய அறை இருக்கிறது; பட்ஜெட் சுமார்தான். ‘இம்மர்சிவ்’ (ஆளை உள்ளே மூழ்கவைப்பது) என்று தேடிப் பார்த்தால் விஆர் கண்ணாடி, சுவரில் படம் பாய்ச்சும் ப்ரொஜெக்‌ஷன் மேப்பிங், அன்ரியல் எஞ்சின் சாஃப்ட்வேர் என்று பயமுறுத்துகிறார்கள். அதையெல்லாம் படித்துவிட்டுத்தான் இறங்க வேண்டுமா? தாளைத் தவிர எதுவும் தெரியாத நான் இதற்கு லாயக்கா?
– ஜெ.ம., சிவகாசி

பதில்: சாஃப்ட்வேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் அந்த அறையில் ஒரு ஸ்டூலைப் போட்டு அரை நாள் உட்காருங்கள். வெயில் எந்த ஜன்னல் வழியாக வருகிறது, பக்கத்து மெஷின் சத்தம் எவ்வளவு கேட்கிறது, மின்விசிறி எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மின்விசிறியைச் சும்மா சொல்லவில்லை.

நானும் தாளிலிருந்து வந்தவன்தான். இருபது வருடம் வாரப்பத்திரிகைக்கு லேஅவுட் போட்டேன். அப்புறம் ஒரு நிறுவனம், கிராமத்து வீட்டுப் புழங்குபொருள்களை வைத்து ஒரு கண்காட்சிக்கூடம் அமைக்கச் சொன்னது. எனக்குத் தெரிந்தது பக்கம்தானே? எட்டுச் சுவர்களையும் எட்டுப் பக்கங்களாக நினைத்து வடிவமைத்துவிட்டேன். தலைப்பு, படம், பெட்டிச்செய்தி என்று ஒவ்வொன்றும் அச்சுப் பிசகாமல் இருந்தது. திறப்பு விழா மே மாதம். வந்த கூட்டம் மொத்தமும் ஒரே பலகை முன்னால் நின்றது. ஆகா, ஒன்றாவது ஜெயித்ததே என்று கிட்டே போய்ப் பார்த்தேன். அது நன்கொடையாளர் பட்டியல். மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

அதே கூடத்தில் கடைசியாக ஒரு சின்ன அறை. கார்பென்டர் அளவைத் தப்பாக எடுத்ததால் வாசல் தணிந்துபோய்விட்டது. குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே ஒரு பழைய மரத்தொட்டில், மேலே ஒரே ஒரு மஞ்சள் பல்பு. வேறு விளக்குக்குப் பணம் இல்லை. ஒரு பாட்டி அந்த வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். குனிந்து உள்ளே போய்த் தொட்டிலை லேசாக ஒரு தள்ளுத் தள்ளினார். ‘தொடாதீர்கள்’ என்று நான் எழுதிவைத்த அட்டை அவர் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அவருக்குப் பின்னால் வந்தவர்களும் செருப்பைக் கழற்றினார்கள். சாயந்தரம் காவலாளி வந்து, “சார், செருப்பு வழியெல்லாம் கிடக்குது, என்ன பண்றது?” என்று கேட்டபோது எண்ணிப் பார்த்தேன். நாற்பது ஜோடிக்கு மேல் இருந்தது.

நான் ராத்திரி பகலாக எழுதிய எட்டுச் சுவர் வாசகங்கள் செய்யாததை ஒரு தணிந்த வாசலும் ஒரு பல்பும் செய்துவிட்டன. அதிலும் ஒன்று தப்பு, இன்னொன்று வறுமை! மறுவாரம் வாசலில் தேங்காய்நார் விரிப்பு போட்டேன், செருப்புக்கு ஒரு ஸ்டாண்டு வைத்தேன், ‘தொடாதீர்கள்’ அட்டையை எடுத்துவிட்டேன். என் புதுத் தொழில் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தாளில் கண்ணுக்கு மட்டும்தான் வேலை. அறைக்குள் வருகிறவருக்குக் கால் வலிக்கும், வியர்க்கும், இடுப்பில் குழந்தை இருக்கும், பின்னால் வருகிறவர் நெருக்குவார். நீங்கள் புதிதாகப் படிக்க வேண்டியது இந்த உடம்பைத்தான்.

அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியைப் பாருங்கள். உலகத்துக்கு அவர்களைத் தெரிந்தது நாற்காலியால். அதற்கும் முன்னால், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், வளைத்த ப்ளைவுட்டில் அமெரிக்கக் கடற்படைக்காகக் கால் முறிவுக்கு வைத்துக் கட்டும் சிம்பு செய்தார்கள். 1958-ல் இந்திய அரசு அழைத்து, வடிவமைப்புப் பயிற்சி பற்றி அறிக்கை கேட்டபோது, அவர்கள் பார்த்து மயங்கியது நம்மூர்ச் சொம்பு. தலையில் வைத்தால் எப்படி, இடுப்பில் வைத்தால் எப்படி, நிறைந்திருக்கும்போது கனம் எங்கே நிற்கும், தண்ணீர் ஊற்றும்போது கைக்கு எப்படி இருக்கும், எதிலாவது இடித்தால் என்ன சத்தம் வரும் என்று கேள்வியாக அடுக்கினார்கள். அந்த அறிக்கையின் வழியில்தான் 1961-ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது. நாற்காலி செய்த அதே இருவர்தான் 1959-ல் மாஸ்கோவில் ஏழு திரைகளில் ஒரே நேரத்தில் படம் காட்டினார்கள். 1964-ல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஐபிஎம் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் அரங்குக்காக, சுமார் 500 பேரை உட்காரவைத்து, அந்த இருக்கை வரிசையையே முட்டை வடிவ அரங்குக்குள் மேலே தூக்கினார்கள். தொழில் மாறிய மாதிரி தெரியும். ஆனால் உட்காருகிற உடம்பைப் படித்தவர்களுக்குத்தான் அந்த 500 பேரைத் தூக்கும் தைரியம் வந்திருக்கும் என்பது என் எண்ணம்.

திரையே இல்லாமலும் முடியும். நான் திருவண்ணாமலைப் பக்கத்துக்காரன். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் படுகளம் பார்த்திருக்கிறீர்களா? விடிந்தால் வெட்டவெளியில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான், ஒரு வீட்டு நீளத்துக்கு. ராத்திரியெல்லாம் கூத்து பார்த்துத் தூக்கம் கண்ணைச் சுற்றும். வேஷக்காரர்கள் அந்த மண் உடம்பின் மேலேயே ஓடுவார்கள், கூட்டமும் சுற்றி ஓடும். வீமன் தொடையில் அடித்ததும் உள்ளே புதைத்த பானை உடைந்து சிவப்பாகக் கொப்பளிக்கும். எல்லாம் முடிந்ததும் ஜனங்கள் ஆளுக்கொரு பிடி மண்ணை வீட்டுக்கு எடுத்துப்போவார்கள். பத்து வயதில் அந்த மண்ணை டவுசர் பையில் போட்டுக்கொண்டு வந்து அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். உங்கள் அறையிலிருந்து வருகிறவர் கையில் எதை எடுத்துக்கொண்டு போவார் என்று யோசியுங்கள்.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. நான்கு கலர் உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரு பழைய பட்டாசு லேபிளை மஞ்சள், மெஜந்தா, சயான், கறுப்பு என்று பிரித்து, நான்கு பெரிய அக்ரிலிக் ஷீட்டில் அச்சடித்து, ஒன்றன்பின் ஒன்றாக இடைவெளி விட்டுத் தொங்கவிடுங்கள். பின்னாலிருந்து வெளிச்சம். நடந்து வருகிறவருக்கு ஒரே குழப்பமாகத் தெரியும். தரையில் குறித்த ஓர் இடத்தில் நின்றால் மட்டும் ரெஜிஸ்டர் சேர்ந்து, அதாவது நான்கு கலரும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி, லேபிள் முழுசாகத் தெரியும். அந்த இடத்திலிருந்து ஷீட் தள்ளிப் போகப் போக அதில் படம் பெரிதாக வேண்டும். முதலில் சின்ன அட்டையில் செய்து பாருங்கள். அதற்கப்புறம் மெஷின். பழகிய ஒருவர் டிரெடிலை மிதிக்கட்டும் (விரல் போய்விடும், விளையாட்டில்லை), அடித்த லேபிளை மை ஈரத்தோடு வந்தவர் கையில் கொடுக்கட்டும். மை வாசனையும் அந்தக் கடகட சத்தமும் எந்த விஆரிலும் கிடைக்காது.

வேலையைத் தொடங்குமுன் தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டி உண்மையான அளவில் வழியைப் போடுங்கள். பலகையின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருந்தால் பெரியவர்களுக்குச் சரி. குழந்தைகளுக்குத் தனியாகக் கீழே ஏதாவது வையுங்கள். சக்கர நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் வேண்டும், சாய்தளம் 1:12-ஐவிட, அதாவது ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளத்தைவிட, செங்குத்தாக வேண்டாம். பிறகு ஒரு பாட்டியையும் ஒரு சிறுவனையும் நடக்கவிட்டு, எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். “எப்படி இருக்கு?” என்று கேட்காதீர்கள், “நல்லாயிருக்கு” என்றுதான் சொல்வார்கள்.

பணம்: பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசாதீர்கள். சைட்டில் நிற்கும் நாள்களுக்குத் தனியாக வாங்குங்கள். திறந்த பிறகு ஒரு மாதம் மாற்றங்களுக்கென்று ஒரு தொகையை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். மின்விசிறி விஷயம் திறந்த பிறகுதான் தெரியும். லேபிள் வேலையை இப்போதைக்கு விடவே வேண்டாம்.

கேள்வி: பேரன் விஆர் கண்ணாடியை மாட்டிவிட்டான். பத்து நிமிடத்தில் குமட்டிக்கொண்டு வந்துவிட்டது. வயசுக் கோளாறா?
– எஸ்.ரா., கும்பகோணம்

பதில்: இல்லை, பேரனின் நண்பர்களிலும் சிலருக்கு வரும். நீங்கள் ஓடுகிறீர்கள் என்று கண் சொல்கிறது, உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று உள்காது சொல்கிறது. நடுவில் வயிறு மாட்டிக்கொள்கிறது. மலைப்பாதை பஸ்ஸில் புத்தகம் படித்தால் வருமே, அதன் தம்பி இது. நீங்கள் நகராமல் சுற்றிப் பார்க்க மட்டும் செய்கிற காட்சியாகப் போடச் சொல்லுங்கள். குமட்டல் தொடங்கியதும் கழற்றிவிடுங்கள், சமாளிக்க நினைக்காதீர்கள்.

கேள்வி: மியூசியங்களில் ஏன் இப்படி இருட்டு? ஓலைச்சுவடியைப் பார்க்கப் போனால் ஒன்றும் தெரிவதில்லை.
– ஓய்வு பெற்ற தமிழாசிரியர், தென்காசி

பதில்: வெளிச்சம் பட்டுப் போன சாயம் திரும்பாது ஐயா. அதனால் துணி, தாள், ஓலை போன்றவற்றுக்கு வழக்கமாக 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில்தான் விளக்கு போடுவார்கள். அது எங்கள் குற்றம் இல்லை. ஆனால் பளீரென்ற வெயிலிலிருந்து நேராக அந்த அறைக்குள் உங்களை நுழையவிடுவது எங்கள் குற்றம்தான். கண் பழக நடுவில் ஒரு மங்கலான நடைவழி வேண்டும். விளக்கக் குறிப்பைச் சாம்பல் பின்னணியில் சாம்பல் எழுத்தில், பொடியாகப் பதினான்கு பாயிண்டில் அச்சடிப்பதும் எங்கள் ஆட்கள் செய்யும் வேலைதான். நானே செய்திருக்கிறேன். அடுத்த முறை போகும்போது உள்ளே நுழைந்ததும் இரண்டு நிமிடம் ஓரமாக உட்கார்ந்துவிட்டுப் பாருங்கள். உட்கார பெஞ்சு இல்லையென்றால் பார்வையாளர் புத்தகத்தில் எழுதிவையுங்கள், நாங்கள் படிப்போம்.