ஒரே ஒரு போன், 42 பசங்க: கிளாஸ்ல என்ன பண்ணலாம்?

திண்டுக்கல் பக்கம் அரசு நடுநிலைப் பள்ளியில 8-ம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கற டீச்சர் ஒருத்தங்க கேட்டிருக்காங்க: "கிளாஸ்ல 42 பேர். பசங்க போன் கொண்டு வரக்கூடாது. என் போன் ஒண்ணுதான் இருக்கு, சிக்னல் வரும் போகும். யூடியூப்ல வீடியோ போட்டு காட்டினா முன்னாடி ரெண்டு பெஞ்சு பாக்குது, மத்ததெல்லாம் பேசிட்டு இருக்கு. அடுத்த மாசம் ஒலி பாடம். போனை வெச்சு உருப்படியா ஏதாவது பண்ண முடியுமா?"

முடியும் டீச்சர். ஆனா முதல்ல அந்த வீடியோவை விடுங்க. ஆறு இன்ச் ஸ்கிரீனை 42 பேருக்கு தூக்கி காட்டறது யாரா இருந்தாலும் நடக்காத காரியம், நீங்க சரியா பண்ணலன்னு நெனைக்காதீங்க. உங்க போன்ல ஸ்கிரீனை விட கேமராவும் மைக்கும்தான் கிளாஸுக்கு உதவும், அதனால ஸ்கிரீன் உங்க பக்கம் இருக்கட்டும், கேமரா பசங்க பக்கம் திரும்பட்டும்.

கேமராவுக்கு ப்ளிக்கர்ஸ்னு ஒரு ஆப் இருக்கு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கார்டு, அதுல க்யூஆர் கோடு மாதிரி ஒரு கட்டம், நாலு பக்கமும் பொடி எழுத்துல ஏ பி சி டி. நீங்க கேள்வி கேக்கறீங்க, பதில் எதுவோ அந்த எழுத்து மேல வர்ற மாதிரி கார்டை திருப்பி புடிக்கணும், நீங்க போனை இந்த கோடியில இருந்து அந்த கோடி வரைக்கும் மெதுவா காட்டினா யார் என்ன சொன்னாங்கன்னு உங்க போன்ல வந்துடும். ஒவ்வொரு கார்டும் வேற டிசைன்ங்கறதால பக்கத்துல இருக்கறவன் கார்டை பாத்து காப்பி அடிக்கறது கஷ்டம், அதோட யார் தப்பா சொன்னாங்கன்னு கிளாஸுக்கே தெரியாது, உங்களுக்கு மட்டும்தான் தெரியும். வாயே தெறக்காத கடைசி பெஞ்சு பொண்ணு கூட பதில் சொல்றது இதுலதான்.

கார்டை அவங்க சைட்ல இருந்து இலவசமா எடுத்து பிரிண்ட் போடலாம், 40 கார்டு செட்டும் இருக்கு 63 கார்டு செட்டும் இருக்கு, உங்களுக்கு 42 பேர்ங்கறதால பெரிய செட்டை எடுங்க. கொஞ்சம் கெட்டி பேப்பர்ல போடுங்க. பளபளன்னு லேமினேஷன் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் பட்டா கேமராவுக்கு கட்டம் தெரியாது. விரல் கட்டத்து மேல படாம ஓரத்துல புடிக்கணும்னு முதல் நாளே பழக்கிடுங்க, இல்லன்னா அதுக்கே பாதி பீரியட் போயிடும். ஆப்ல பேர் போட வேண்டாம், வருகை எண் போதும், பிள்ளைங்க பேரை எங்கயோ இருக்கற ஒரு கம்பெனி சர்வர்ல ஏத்தி வைக்கற அவசியம் நமக்கு இல்ல. இதுக்கு நெட் வேணும், அதனால கேள்வியை வீட்டுலயே டைப் பண்ணிட்டு வந்துடுங்க. சிக்னல் சுத்தமா இல்லாத நாள்ல கண்ணை மூடிக்கிட்டு நெஞ்சுக்கு நேரா ஒண்ணுல இருந்து நாலு விரல் வரைக்கும் காட்ட சொல்லுங்க, முக்கால்வாசி வேலை அதுலயே முடியும்.

ஆனா ஆப் எதுவா இருந்தாலும் கேள்வி சப்பையா இருந்தா ஒண்ணும் நடக்காது. "ஒலியின் வேகம் எவ்வளவு?"ன்னு கேட்டா மனப்பாடம் பண்ணவன் சொல்வான், மத்தவன் குத்துமதிப்பா கார்டை திருப்புவான். "சத்தமா கை தட்டினா ஒலி சீக்கிரம் வந்து சேருமா, மெதுவா தட்டினா சீக்கிரம் வருமா, ரெண்டும் ஒரே நேரம்தானா, இல்ல சொல்ல முடியாதா?"ன்னு கேளுங்க. நெறைய பேர் சத்தமா தட்டினா சீக்கிரம்னு கார்டை தூக்குவாங்க. அப்ப சரியான பதிலை சொல்லிடாதீங்க, அதான் முக்கியம். "பக்கத்துல வேற பதில் வெச்சிருக்கறவங்ககிட்ட ரெண்டு நிமிஷம் சண்டை போடுங்க"ன்னு சொல்லிட்டு மறுபடி கார்டை தூக்க சொல்லுங்க. ஹார்வர்ட்ல எரிக் மஸூர்னு ஒரு இயற்பியல் பேராசிரியர் 1991-ல இருந்து காலேஜ் பசங்களுக்கு இப்படித்தான் எடுத்தார், முதல் தடவை ஒரு 30-ல இருந்து 70 சதவீதம் பேர் வரைக்கும் சரியா சொன்னா பேச விடணும், அதுக்கு கீழ போனா பாடத்தையே திரும்ப எடுக்கணும், மேல போனா அடுத்த கேள்விக்கு போயிடணும்னு ஒரு கணக்கு. எட்டாம் வகுப்புக்கும் அது அப்படியே பொருந்தும்.

இப்ப கிளாஸ் ரெண்டா பிரிஞ்சு நிக்குதா, அடுத்தது மைக். ஃபைபாக்ஸ்னு ஒரு ஆப், ஜெர்மனியில ஆஹன் பல்கலைக்கழகத்துல பண்ணது, இலவசம், விளம்பரம் கெடையாது, இறக்கி வெச்சுட்டா நெட்டும் வேண்டாம். அதுல அக்கூஸ்டிக் ஸ்டாப்வாட்ச்னு ஒண்ணு இருக்கு, ஒரு சத்தம் கேட்டா ஓட ஆரம்பிக்கும், அடுத்த சத்தத்துக்கு நின்னுடும். இதுக்கு மட்டும் ரெண்டு போன் வேணும், பக்கத்து கிளாஸ் சார்கிட்ட ஒரு அஞ்சு நிமிஷம் கேட்டு வாங்கிக்கோங்க. கிரவுண்டுக்கு போயிடுங்க, ரூம்ல எதிரொலியும் ஃபேன் சத்தமும் கெடுத்துடும். பசங்களை விட்டே டேப் வெச்சு சரியா 5 மீட்டர் அளக்க சொல்லுங்க, ரெண்டு கோடியிலயும் ஒவ்வொரு போன், ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒரு ஆள். முதல் போன்கிட்ட இருக்கறவன் ஒரு தட்டு தட்டணும், ரெண்டு போனும் ஓட ஆரம்பிக்கும், ஆனா தூரத்து போன் கொஞ்சம் லேட்டாதான் ஆரம்பிக்கும். அப்பறம் அந்த கோடியில இருக்கறவ ஒரு தட்டு, இப்ப அவ போன் உடனே நிக்கும், முதல் போன் லேட்டா நிக்கும். அதனால முதல் போன்ல நேரம் கொஞ்சம் கூட காட்டும், அந்த வித்தியாசம்தான் ஒலி போயிட்டு வர 10 மீட்டருக்கு ஆன நேரம். 0.029 செகண்டுன்னு வந்தா 10-ஐ அதால வகுங்க, 345 கிட்ட வரும். புத்தகத்துல இருக்கற நம்பர் இவங்க கையில இருந்து வருது பாருங்க, அப்ப வர்ற கூச்சலை எச்.எம். ரூம் வரைக்கும் கேக்கலாம்.

அப்பறம் அந்த சண்டையை தீர்த்து வைங்க, ஒரு தடவை பலமா தட்ட சொல்லுங்க, ஒரு தடவை லேசா. ரெண்டுலயும் வேகம் கிட்டத்தட்ட ஒண்ணாதான் வரும். லேசான தட்டு போன்ல பதியலன்னா ஆப்ல திரெஷோல்டை, அதாவது எவ்வளவு சத்தத்துக்கு ஓடணும்ங்கற அளவை, குறைச்சுக்கோங்க, ரொம்ப குறைச்சா காத்து சத்தத்துக்கே ஓட ஆரம்பிச்சுடும். ஒவ்வொரு தடவையும் நம்பர் முன்ன பின்ன வரும், அஞ்சாறு தடவை எடுத்து சராசரி பாக்க சொல்லுங்க. ஏன் மாறுதுன்னு பசங்க கேட்டா அன்னைக்கு பாடம் அதுதான்.

வீடியோ வேணவே வேணும்னா பாடப்புத்தகத்துல இருக்கற க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி, அரசோட பாட ஆப்பான திக்‌ஷாவுல முன்னாடி நாளே இறக்கி வைங்க, ப்ரொஜெக்டர் இருக்கற அன்னைக்கு மட்டும் போடுங்க, ரெண்டு நிமிஷத்துல நிறுத்தி அடுத்து என்ன ஆகும்னு கேளுங்க. கஹூட் மாதிரி க்விஸ் எல்லாம் ஆளுக்கொரு போன் இருக்கற ஸ்கூலுக்கு. இருந்தாலும் வேகமா அழுத்தறவனுக்கு கூட மார்க்குங்கற கணக்கு எனக்கு பிடிக்கறதில்ல, யோசிச்சு சொல்ற பிள்ளை அதுல தோத்துடும்.

வீட்டுப்பாடத்துக்கு வாட்ஸ்அப்ல போட்டோ போட்டு எழுதிட்டு வர சொல்றதை விட, பாட்டிக்கோ தம்பிக்கோ இன்னைக்கு படிச்சதை சொல்லி ஒரு நிமிஷ வாய்ஸ் அனுப்ப சொல்லுங்க. அப்பா வேலை முடிஞ்சு வந்த பிறகுதான் பாதி வீட்டுல போன் கிடைக்கும், அதனால மறுநாள் இல்ல, ரெண்டு நாள் டைம் கொடுங்க. போன் இல்லாத பிள்ளைங்க கிளாஸ்லயே வந்து சொல்லட்டும். குரூப் ஆரம்பிக்காதீங்க, 42 வீட்டு நம்பரும் எல்லாருக்கும் தெரியும், பெண் பிள்ளைங்க வீட்டுல யோசிப்பாங்க. பிராட்காஸ்ட் லிஸ்ட் போடுங்க, ஒரே மெசேஜ் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா போகும், ஆனா உங்க நம்பரை அவங்க சேவ் பண்ணியிருந்தாதான் மெசேஜ் போகும், அதை பெற்றோர் கூட்டத்துல சொல்லிடுங்க.

இன்னொண்ணு, போனை கிளாஸுக்குள்ள எடுத்துட்டு போறதுக்கு முன்னாடி எச்.எம்.கிட்ட எந்த பாடத்துக்கு எதுக்குன்னு சொல்லிடுங்க, பாட வேளை குறிப்புலயும் ஒரு வரி எழுதி வைங்க. ஃபைபாக்ஸ் போடும்போது ரெண்டு போனையும் ஏர்பிளேன் மோடுல போடுங்க, நடுவுல கால் வந்தா ரிங் சத்தத்துக்கே ஸ்டாப்வாட்ச் நின்னுடும்.