புறக்கணிப்பை அளக்க 0.7 தேவையா?

கேள்வி: முதுகலை சமூகப்பணி மாணவி நான். 200 குடும்பங்களில் பெற்றோர் பிள்ளைகளைக் கவனிக்காமல் விடுவது எவ்வளவு என்று, பெற்றோர்–குழந்தை மோதல் அளவுகோலின் ஐந்து புறக்கணிப்பு வினாக்களைக் கொண்டு அளக்கிறேன். முன்னோட்டத்தில் நம்பகக் கெழு (வினாக்களுக்கான விடைகள் ஒன்றோடொன்று எவ்வளவு இணைந்து போகின்றன என்று காட்டும் எண்; வழக்கமாக 0.7 எதிர்பார்க்கிறார்கள்) 0.3-ஐக்கூடத் தொடவில்லை. புள்ளிவிவரம் செய்துதரும் ஒருவர், இரண்டு வினாக்களை நீக்கி 0.7-க்குக் கொண்டுவருவதாகச் சொல்கிறார். சம்மதிக்கலாமா?

பதில்: வேண்டாம். இந்த அளவுகோலை 1998-இல் வெளியிட்ட மரே ஸ்ட்ராஸ் குழுவினருக்கே, அமெரிக்கப் பெற்றோர் 1,000 பேரிடம் புறக்கணிப்புப் பகுதிக்குக் கிடைத்த கெழு 0.22தான். தனியே விட்டுச் செல்வது, உணவு கிடைக்கச் செய்ய முடியாதது, மருத்துவரிடம் காட்ட முடியாதது, அன்பைக் காட்ட முடியாதது, போதையில் கவனிக்க முடியாதது என ஐந்தும் தனித்தனிக் குறைகள். நூற்பாலையில் இரவுப் பணிக்குப் போகும் தாய் பிள்ளையைத் தனியே விட்டிருக்கலாம். ஆனால் சோறு வடித்து மூடிவைத்துவிட்டுத்தான் போயிருப்பாள். ஒன்றுக்கு ஆம் என்றவர் மற்றதற்கும் ஆம் என்பார் என்று எதிர்பார்க்க வழியில்லாதபோது கெழு எப்படி உயரும்?

அந்த நபர் வினாக்களை நீக்கினால் எண் ஏறலாம். நீக்கிய குறையை அனுபவிக்கும் குழந்தைகள் உங்கள் கணக்கிலிருந்தே காணாமல் போவார்கள். இத்தகையவர்கள் அதோடு நிற்பதுமில்லை. ஒரு வாய்மொழித் தேர்வில், நாற்பது தாய்மார்களின் விடைகள் வரிக்கு வரி ஒன்றாயிருந்த ஆய்வேட்டைப் பார்த்தேன். மாணவி கூலி கொடுத்திருந்தார், நகலெடுத்தவர் வேறொருவர். 0.7 இல்லாவிட்டால் கையெழுத்து இல்லை என்று நெறியாளர்கள் பிடிவாதம் பிடிப்பதை நிறுத்தும்வரை இந்த வியாபாரம் ஓயாது.

உணவு வினாவில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. அதில் உள்ள ‘முடியாமல் போனது’ என்ற சொல் வறுமையையும் அசட்டையையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறது. மாதக் கடைசியில் ரேஷன் அரிசி தீர்ந்து பிள்ளையோடு தானும் பட்டினி கிடந்த தாயும், கையில் பணம் இருந்தும் சமைக்காமல் விட்டவரும் அங்கே ஒரே ‘ஆம்’ ஆகிவிடுகிறார்கள். எனவே ஆம் என்பவரிடம், “அன்று வீட்டில் சமைக்க ஏதாவது இருந்ததா?” என்று கேட்டு, அந்த விடையைத் தனி நிரலில் பதியுங்கள். மாமியார் பக்கத்தில் இருக்கும்போது கேட்காதீர்கள்.

ஐந்தின் கூட்டு மதிப்பெண்ணை மட்டும் நம்பியிராமல், கடந்த ஓராண்டில் ஒவ்வொன்றுக்கும் எத்தனை விழுக்காட்டினர் ஆம் என்றனர் என்பதைத் தனித்தனியே தாருங்கள். நெறியாளர் மறுத்தால், அந்த 0.22 அச்சாகியிருக்கும் பக்கத்தை நகலெடுத்து முன்னோட்ட அறிக்கையுடன் இணைத்துக் கொடுங்கள்.