சிங்கப்பூரில் நெட் போகாது, சரி. அவர்கள் சர்வர் போனால்?

கேள்வி: ஒரே ஆள் ஆடும் கேம் ஒன்றை வாங்கலாம் என்றிருக்கிறேன். ஆடும் நேரமெல்லாம் இணையம் இருந்தாக வேண்டுமாம். ஃபோரத்தில் கேட்டால் நாலைந்து பேர் ஒரே குரலில், "சிங்கப்பூரில் யார் வீட்டில் நெட் இல்லை, பேசாமல் வாங்குங்கள்" என்கிறார்கள். அவர்கள் நிறுவனத்து ஆட்கள் என்று வேறு சிலர் சண்டை போடுகிறார்கள். யாரை நம்புவது? வாங்குமுன் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்:

உங்கள் வீட்டு இணையத்தை யாரும் குறை சொல்லவில்லை. வீவக அடுக்குமாடி வீடுகளுக்கெல்லாம் ஃபைபர் வந்துவிட்டது. ஆனால் இந்த மாதிரி கேம் திறக்க இரண்டு முனையும் உயிரோடு இருக்க வேண்டும்: உங்கள் ரௌட்டர் ஒன்று, நிறுவனத்தின் சர்வர் இன்னொன்று. கேமர்கள் சந்தேகப்படுவது அந்த இரண்டாவது முனையை. பட்டுத்தான் சந்தேகப்படுகிறார்கள்.

2010 மார்ச்சில் 'அசாசின்ஸ் கிரீட் 2' கணினிப் பதிப்புக்கு எந்நேரமும் இணைப்பு வேண்டும் என்றது யூபிசாஃப்ட். வெளியான சில நாளிலேயே சர்வர்மீது தாக்குதல் நடந்தது, காசு கொடுத்து வாங்கியவர்கள் ஆட முடியாமல் நின்றார்கள். 2012 மே மாதம் 'டயாப்லோ 3' வெளிவந்த அன்று சர்வர் நெரிசலால் பலருக்கும் திரையில் தெரிந்தது "பிழை 37" மட்டும்தான். அடுத்த ஆண்டு கன்சோலுக்கு வந்த அதே கேம் இணையமே இல்லாமல் ஓடியது.

நகரம் கட்டி ஆளும் 'சிம்சிட்டி' கேமின் கதையை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றுவரை நீடிக்கும் அவநம்பிக்கையில் பாதி அங்கிருந்து வந்தது. 2013 மார்ச்சில் வெளியானபோது, நகரம் இயங்குவதற்கான கணக்கீடுகளில் கணிசமான பங்கு தங்கள் சர்வரில் நடக்கிறது, ஆஃப்லைன் ஆக்கப் பெரிய பொறியியல் வேலை தேவைப்படும் என்றது தயாரிப்புத் தரப்பு. சில நாளில் ஒரு மாடர் (கேமின் நிரலைத் தானே மாற்றியமைப்பவர்), இணைப்பு அறுந்தால் கேமை நிறுத்தும் டைமரை எடுத்துவிட்டு, சர்வர் இல்லாமலேயே நகரத்தை ஓட்டிக் காட்டினார். சேமிப்பதற்குத்தான் சர்வர் தேவைப்பட்டது. 2014 மார்ச்சில் நிறுவனமே ஆஃப்லைன் முறையை அப்டேட்டாகக் கொடுத்தது. "தொழில்நுட்பக் காரணம்" என்று ஒரு நிறுவனம் சொன்னால் கேமர்கள் உடனே தலையாட்டாமல் இருப்பது இதனால்தான்.

கடைசி அடி 'தி க்ரூ'. 2014 டிசம்பரில் வந்த கார் பந்தய கேம். தனியாக ஆடும் கதைப் பகுதியும் அதில் உண்டு. 2024 மார்ச் 31 அன்று சர்வரை அணைத்தார்கள்; வட்டு வைத்திருந்தவருக்கும் அதோடு எல்லாம் முடிந்தது. பிறகு வாங்கியவர்களின் கணக்கிலிருந்து உரிமத்தையே எடுத்தார்கள். 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம் இதிலிருந்து பிறந்து, ஐரோப்பாவில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. கலிஃபோர்னியாவில் 2025 தொடக்கம் முதல், விற்பது கேமையா அதற்கான உரிமத்தையா என்று கடைகள் தெளிவாகச் சொல்லவேண்டும் எனச் சட்டம் நடப்பில் இருக்கிறது.

இங்கிருந்து ஆடுபவருக்குக் கூடுதலாக ஒரு தொல்லை. அமெரிக்க மேற்குக் கரையில் ஆட்கள் தூங்கும் அதிகாலை 3 மணிக்குப் பராமரிப்பு வைத்தால் நமக்கு மாலை 6 அல்லது 7. வேலை முடிந்து உட்காரும் நேரத்தில் கேம் பூட்டிக் கிடக்கும். 2022 மார்ச்சில் 'கிரான் டூரிஸ்மோ 7' பராமரிப்பு 30 மணி நேரத்துக்கு மேல் இழுத்தபோது தனியாக ஆடுவதும் பெரும்பாலும் நின்றுபோனது.

"இணையம் தேவை" என்ற ஒரே சொல்லுக்குள் நாலு வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. முதல் வகையில் நிறுவிய பிறகு ஒரே ஒரு முறை சரிபார்ப்பு. இதனால் பெரிய தொல்லை இல்லை. இரண்டாவதில் அவ்வப்போது சரிபார்ப்பு நடக்கும். டெனுவோ என்ற நகல்தடுப்பு மென்பொருள் உள்ள கேம்கள் இப்படி: கணினிக்கு அனுமதிச் சீட்டு மாதிரி ஒரு டோக்கன் கிடைக்கும், வன்பொருளோ சூழலோ மாறினால் புது டோக்கன் வேண்டும். ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவியில், விண்டோஸ் கேம்களை ஓட்டும் புரோட்டான் மென்பொருளின் பதிப்பை மாற்றி மாற்றிச் சோதிப்பவர்கள் இதில் அடிக்கடி மாட்டிக்கொள்வார்கள். ஒவ்வொரு மாற்றமும் புதுக் கணினியாகக் கணக்காகும். பல கேம்களுக்கு நாளொன்றுக்கு 5 கணினி என்பதுதான் வரம்பு. தாண்டினால் 24 மணி நேரம் பூட்டு. மூன்றாவது வகை இதயத் துடிப்பு மாதிரி இடைவிடாமல் சர்வரைத் தொட்டுக்கொண்டிருக்கும். தொடர்பு அறுந்தால் மெனுவுக்குத் தள்ளிவிடும். நாலாவதில் எதிரிகள், பரிசுப் பொருள்கள், சேமிப்பு எல்லாமே உண்மையாக சர்வரில் இருக்கும். ஒரு ஆள் ஆடும் கேமில் நீங்கள் தவிர்க்க வேண்டியவை மூன்றும் நாலும்.

எந்த வகை என்று கடைப் பக்கம் நேராகச் சொல்லாது. கணினி கேம் விற்கும் ஸ்டீம் கடையில் வலது பக்கப் பட்டியில், மொழிப் பட்டியலுக்கு அருகே, நிறம் மாறிய பெட்டிகள் இருக்கும்: வேறு நிறுவனக் கணக்கு தேவை, வேறு நிறுவன டிஆர்எம் (நகல்தடுப்புப் பூட்டு) உண்டு என்று. அப்படியே கீழே இறங்கி வன்பொருள் தேவைப் பட்டியலில் 'நெட்வொர்க்' வரி இருக்கிறதா பாருங்கள். ஒருவர் மட்டும் ஆடும் கேமுக்கு அங்கே பிராட்பேண்ட் கேட்டிருந்தால் அது எச்சரிக்கை. பிளேஸ்டேஷன் கடையில் இணைய ஆட்டம் கட்டாயமா, விருப்பமா என்று ஒரு வரி உண்டு. பிசிகேமிங்விக்கியில் அந்தக் கேமின் பக்கத்தைத் திறந்தால், எந்தக் கடைப் பதிப்பில் எந்த டிஆர்எம் என்று அட்டவணையே இருக்கும். கன்சோல் வட்டுகளுக்கு 'டஸ் இட் பிளே' தளம், அப்டேட் இல்லாமல் வட்டு மட்டும் ஓடுகிறதா என்று சோதித்துப் பதிகிறது. சிம் லிம் ஸ்குவேரிலோ கேரசலிலோ பழைய வட்டு வாங்கும்போது இதைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். சர்வர் போன கேமின் வட்டு 5 வெள்ளிக்குக் கிடைத்தாலும் வீண்தான்.

வாங்கிய பிறகும் சோதிக்கலாம். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். அந்த 2 மணி நேரத்தை இப்படிச் செலவிடுங்கள். இணைப்போடு ஒருமுறை திறந்து, முதல் சேமிப்பு விழும்வரை ஆடுங்கள். ஆட்டம் நடக்கும்போதே ரௌட்டர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, எத்தனை நிமிடம் தாங்குகிறது, சேமிக்க விடுகிறதா என்று பாருங்கள். பிறகு ஸ்டீமை ஆஃப்லைனுக்கு மாற்றி, கணினியை முழுக்க அணைத்துத் திறந்து, மறுபடி கேமைத் தொடங்குங்கள். அணைக்காமல் சோதித்தால் ஏமாந்துபோவீர்கள், ஏனென்றால் நடப்பு அமர்வின் டோக்கன் நினைவகத்திலேயே இருக்கும். பலர் தவறுவது இன்னொரு இடத்தில்: கேபிளைப் பிடுங்கியதும் மடிக்கணினி சத்தமில்லாமல் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டிலோ, வெளியில் இருந்தால் பொது வைஃபையான வயர்லெஸ்@எஸ்ஜியிலோ ஒட்டிக்கொள்ளும். வைஃபையையும் அணையுங்கள். கடைசியாக, ஐந்தாறு நாள் அந்தக் கருவியை இணைக்காமல் வைத்துவிட்டு மறுபடி திறந்து பாருங்கள். அவ்வப்போது சரிபார்க்கும் வகை அப்போதுதான் வெளிப்படும். டிசம்பர் விடுமுறையில் திருச்சி விமானத்தில் நாலு மணி நேரம் பிள்ளைகள் ஆடட்டும் என்று கருவியை எடுத்துப் போகிறவர்கள், கேம் திறக்காது என்பதை சாங்கியில் ஏறிய பிறகு தெரிந்துகொள்ள வேண்டாம்.

பிஎஸ்5 என்றால் செட்டிங்ஸில் யூசர்ஸ் அண்ட் அக்கவுன்ட்ஸ், அதர், கன்சோல் ஷேரிங் அண்ட் ஆஃப்லைன் பிளே என்று போய் இயக்கி வையுங்கள். எக்ஸ்பாக்ஸில் அதை ஹோம் எக்ஸ்பாக்ஸாக அமைக்க வேண்டும். இதைச் செய்யாமல் "கேம் ஆஃப்லைனில் ஓடவில்லை" என்று திட்டுபவர்களும் உண்டு. அது கேமின் குற்றமில்லை.

ஒன்றைக் கவனியுங்கள்: இன்று சோதனையில் தேறிய கேம் நாளை ஒரு அப்டேட்டில் மாறலாம். டிஆர்எம் இல்லாமல் விற்கும் ஜிஓஜி கடையில் கிடைத்தால் அங்கே வாங்கி, ஆஃப்லைன் நிறுவியின் எல்லாப் பகுதிகளையும் வெளி வட்டில் இறக்கி வைத்துவிடுவதே என் பரிந்துரை.

இனி அந்த நாலைந்து பேர். கடையில் நின்று கையால் தொட்டுச் சோதிக்க முடியாத பொருள் இது. அதனால் வாங்குகிறவர் அடுத்தவர் சொல்லை நம்பித்தான் ஆக வேண்டும். மறைமுக விளம்பரம் நுழைவதும் அந்த இடத்தில்தான். நிறுவனங்கள் அப்படிச் செய்வது வெறும் வதந்தி இல்லை. 2006ல் பிஎஸ்பி கருவிக்காக ரசிகர் நடத்துவதுபோல ஒரு வலைப்பதிவை விளம்பர நிறுவனத்தை வைத்து நடத்தி சோனி மாட்டியது. அதே சோனியின் பிஎஸ் விட்டா கருவிக்காக விளம்பர நிறுவன ஊழியர்களே சொந்த ட்விட்டர் கணக்கில் புகழ்ந்து எழுதியதை அமெரிக்க வர்த்தக ஆணையம் 2014ல் கண்டித்தது. 'ஷேடோ ஆஃப் மோர்டோர்' கேமுக்காக வார்னர் பிரதர்ஸ் யூடியூபர்களுக்குப் பணம் கொடுத்து, குறைகளைக் காட்டாதீர்கள் என்று ஒப்பந்தம் போட்டது. "விளம்பரம்" என்ற குறிப்பு விவரப் பெட்டியை விரித்தால்தான் தெரியும் இடத்தில் கிடந்தது. 2016ல் வார்னர் அதே ஆணையத்திடம் உடன்பாட்டுக்கு வந்தது. 'டிராகன் ஏஜ் 2' வந்த 2011ல், அதைச் செய்த ஸ்டூடியோவின் ஊழியரே விமர்சன மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் சாதாரண ரசிகர்போல முழு மதிப்பெண் போட்டிருந்தது வெளிப்பட்டது.

நம் ஊரிலும் நடந்திருக்கிறது. 2015 மார்ச்சில், சிங்டெல்லின் இளையர் கைப்பேசித் திட்டத்துக்காக, போட்டி நிறுவனங்களான எம்1, ஸ்டார்ஹப் சேவைகளைக் குறை சொல்லி எழுதும்படி கஷ்கிளவுட் நிறுவனம் தன் பதிவர்களுக்குக் கொடுத்த குறிப்பு கசிந்தது. சிங்டெல் மன்னிப்புக் கேட்டது. பணம் வாங்கிய பதிவைப் பணம் வாங்கியதாகச் சொல்ல வேண்டும் என்ற விளம்பரத் தர ஆணையத்தின் வழிகாட்டி 2016ல் வந்தது. 2024ல் கார் பராமரிப்பு நிறுவனம் ஒன்று தன் வாடிக்கையாளர் பெயரில் போலி ஐந்து நட்சத்திர விமர்சனம் போட்டதைப் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் தலையிட்டு நிறுத்தியது.

அதற்காக உங்களுக்குப் பதில் சொன்னவர்களைக் கூலி ஆட்கள் என்று முடிவு கட்டாதீர்கள். 90 வெள்ளி கொடுத்து வாங்கியவர் தன் முடிவைத் தற்காத்துப் பேசுவது மனித இயல்பு, அதற்குச் சம்பளம் தேவையில்லை. கணக்கு புதிது என்பது மட்டும் ஆதாரம் ஆகாது. கேம் வெளியாகும் வாரத்தில் நூற்றுக்கணக்கானோர் புதிதாகத்தான் சேர்வார்கள். நான் எடை போடுவது சில சேர்க்கைகளை: பல ஆண்டு தூங்கிய கணக்கு திடீரென விழித்து ஒரே பொருளைப் பற்றி மட்டும் பேசுவது, கேமின் பெயரை ஒவ்வொரு முறையும் பதிப்புப் பெயரோடு முழுசாக எழுதுவது (ஆடுகிறவர்கள் சுருக்கித்தான் எழுதுவார்கள்), ஒரு கணக்கு கேள்வி கேட்டுச் சில நிமிடத்தில் இன்னொரு கணக்கு இணைப்போடு பதில் தருவது. இவை மூன்றும் கூடினால் ஒதுங்கிவிடுவேன். ஆனால் யாருடைய நிஜப் பெயரையும் வேலையிடத்தையும் தோண்டப் போகாதீர்கள்.

அதைவிடப் பயனுள்ள வழி, ஆடியவருக்கு மட்டும் தெரிந்ததைக் கேட்பது. "நடுவில் நெட்டைத் துண்டித்தால் எத்தனை நிமிடம் ஓடுகிறது? சேமிப்புக் கோப்பு எந்த ஃபோல்டரில்?" ஆடியவர் "தெரியவில்லை, இன்று பார்க்கிறேன்" என்றாவது சொல்வார். விற்க வந்தவர் மறுபடி "யாரிடம் நெட் இல்லை" என்பதற்கே போவார். அப்படிச் சொன்னவர் நல்ல ரசிகராகவே இருந்தாலும், உங்கள் முடிவுக்கு அந்தப் பதில் உதவாது.

ஸ்டீம் விமர்சனங்களில், ஸ்டீமிலேயே வாங்கியவர்கள் என்று வடிகட்டி, ஆடிய நேரத்தைச் சில மணி நேரத்துக்கு மேல் வைத்துப் படியுங்கள். இலவசமாகப் பெற்றவர் அதைக் குறித்திருந்தால் மேலேயே தெரியும். பலருக்கும் தெரியாத ஒன்று: திடீரெனக் குவியும் எதிர்மறை விமர்சனங்களை "தலைப்புக்கு அப்பாற்பட்டவை" என்று மதிப்பெண்ணிலிருந்து நீக்கும் முறையை ஸ்டீமை நடத்தும் வால்வ் 2019ல் கொண்டுவந்தபோது, டிஆர்எம், உரிம ஒப்பந்தம் பற்றிய கோபத்தையும் அதில் சேர்த்தது. உங்கள் கேள்விக்கான பதிலே அந்த நீக்கப்பட்ட விமர்சனங்களில் இருக்கலாம். மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி (*) தெரிந்தால், விருப்பத் தேர்வுகளில் அவற்றையும் சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள்.

வாங்கும் அன்று கடைப் பக்கத்தை, வன்பொருள் தேவை வரிகளும் தேதியும் தெரிய, ஸ்கிரீன்ஷாட் எடுத்து ரசீதோடு வையுங்கள். அந்தப் பக்கத்தை நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். பிறகு பயனீட்டாளர் சங்கமான கேஸிடம் போக நேர்ந்தால், விற்கும்போது உங்களிடம் என்ன சொல்லப்பட்டது என்பதைக் காட்ட உங்கள் கையில் இருப்பது அந்தப் படம்தான்.